ஞாயிற்றுக்கிழமைக் கை

நீராவி அக்கா தனக்கென்று ஒரு பவுலிங் பந்து வாங்கப்போவதாகச் சொன்னபோது அவளுடைய வீட்டுக்காரர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். சிரித்த சிரிப்பில் புரையேறி, தலையில் தட்டித் தண்ணீர் கொடுக்க வேண்டியதாகிவிட்டது.

"பந்தா? யாருக்கு, பேரனுக்கா?"

"எனக்கு."

"நீ ஆடப் போற கூடத்துலதான் வரிசையா அடுக்கி வெச்சிருக்கானே. எடுத்து உருட்டிட்டு வர வேண்டியதுதானே."

"அது ஊர்ப் பந்து. எனக்குன்னு ஒண்ணு வேணும்."

"இந்த வயசுல அவனவன் முட்டிக்குத் தைலம் வாங்குறான். நீ பந்து வாங்கு. நல்லா இரு," என்றார்.

சம்மதித்துவிட்டார் என்று அர்த்தம். லிப்ட் பழுது பார்த்தே முட்டி தேய்ந்து வீட்டோடு உட்கார்ந்துவிட்ட மனிதர் அவர். கேலி செய்யாமல் அவர் எதற்கும் தலையாட்டியதாகச் சரித்திரம் கிடையாது.

அக்கா வேலை பார்ப்பது ஒரு பெரிய லாண்டரியில். ஆஸ்பத்திரிகளும் ஓட்டல்களும் அனுப்புகிற போர்வை, துண்டு, தலையணை உறை எல்லாம் அங்கே வந்து வெளுத்துப் போகும். அவள் நிற்கிற இடம் இஸ்திரி உருளைக்கு முன்னால். வீட்டில் இருக்கிற பெட்டியை நினைத்துக்கொள்ள வேண்டாம். இரண்டு ஆள் நீளத்துக்குச் சூடான உருளை. ஈரப் போர்வையை ஓர் உதறு உதறி, இரண்டு முனையையும் இழுத்துப் பிடித்து, சுருக்கமில்லாமல் அதன் வாயில் கொடுக்க வேண்டும். விழுங்கிக்கொள்ளும். உடனே அடுத்தது. அதற்குள் இன்னொன்று. அதற்குப் பசி அடங்கி யாரும் பார்த்ததில்லை. சுற்றிலும் ஆவி மூடிக்கொள்வதால் அவள் முகம் தெரியாது, குரல் மட்டும்தான் கேட்கும். அதனால்தான் நீராவி அக்கா. சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டவர்கள் எல்லாம் ஒவ்வொருவராக ஓய்வு பெற்றுப் போய்விட்டார்கள்.

அசதியைப் பற்றிச் சொல்ல வேண்டுமென்றால், அவளுக்கு அசதி இல்லாத நேரம் எது என்று கேட்பதுதான் சுலபம். வாரத்தில் ஆறு நாள் லாண்டரி. ஏழாம் நாள் மகன் வீடு. மகனும் மருமகளும் இரண்டு பேரும் வேலைக்குப் போகிறவர்கள், பாவம், அவர்களையும் குற்றம் சொல்ல முடியாது. ஒருமுறை ஏதோ போனோமே என்று இரண்டு சட்டையை எடுத்து இஸ்திரி போட்டுக் கொடுத்தாள். "அம்மா போட்டா ஒரு வாரத்துக்கு மடிப்பு கலையாது" என்று மகன் மனசாரப் பாராட்டினான். தொலைந்தது. அன்றிலிருந்து ஞாயிற்றுக்கிழமை காலையில் அந்த வீட்டுக் கதவைத் திறந்தால், வாரம் பூராவும் சேர்ந்த துணி நாற்காலியில் அவளுக்காக உட்கார்ந்திருக்கும்.

பவுலிங் வந்த கதை வேறு. சம்பளத்தைக் கூட்டிக் கொடுங்கள் என்று தொழிலாளர்கள் எல்லாம் சேர்ந்து கேட்டார்கள். நிர்வாகம் ரொம்ப யோசித்து, எல்லோரையும் ஒரு சாயங்காலம், பந்தை உருட்டிக் கட்டைகளைச் சாய்க்கிற பவுலிங் கூடத்துக்கு அழைத்துப் போனது. திட்டிக்கொண்டேதான் போனாள் அக்கா. வாடகை ஷூவை மாட்டிக்கொண்டு, கையில் கிடைத்த பந்தை ஏதோ வேகத்தில் விட்டாள். அது நேராகப் போய்க் கடைசியில் கொஞ்சம் வளைந்து, எதிர்முனையில் நின்ற பத்து வெள்ளைக் கட்டைகளையும் சாய்த்துவிட்டது. அவள் பதறிப்போய், "ஐயையோ, யார் இதையெல்லாம் நிமிர்த்தி வைக்கிறது?" என்றாள். அதற்கு இயந்திரம் இருக்கிறது, அதுவே இறங்கி வந்து அடுக்கும் என்றார்கள். கலைத்துப் போட்டதை நாம் எடுத்து வைக்க வேண்டியதில்லை! அந்த நிமிஷமே அவளுக்கு அந்த விளையாட்டு பிடித்துப்போயிற்று.

அதற்குப் பிறகு புதன்கிழமை தோறும் வேலை முடிந்ததும் நாலு பேர் நேராக அங்கே போய்விடுவார்கள். துணி வண்டி ஓட்டுகிற வேன்காரர், தேய்த்த துணியை மடித்து அடுக்குகிற, வாய் மூடாத மடிப்புக்காரி, சிரிப்பதற்கும் மேலிடத்தில் அனுமதி கேட்பவர்போல இருக்கிற சூப்பர்வைசர், அக்கா. மற்ற மூவரும் பொழுது போக ஆடினார்கள். அக்கா மட்டும் ஆட்டம் கற்றுக்கொண்டாள். எந்த இடத்தில் நின்றால் பந்து எங்கே போகிறது, எந்தக் கட்டையைத் தொட்டால் மற்றது சரிகிறது என்பதெல்லாம் போர்வை உதறும்போதுகூட மனதுக்குள் ஓடும்.

தகராறு கொடுத்ததெல்லாம் பந்துதான். விரல் விட்டுப் பிடிக்கப் பந்தில் மூன்று துளை இருக்கும். கூடத்துப் பந்துகள் யார் கைக்கும் ஆனவை இல்லை. கட்டைவிரல் நுழைகிற பந்து தூக்க முடியாத கனம். தூக்க முடிகிற பந்தில் விரல் நுழையாது. ஏதோ ஒரு குழந்தைக்கும் ஒரு பயில்வானுக்கும் நடுவில் யாருமே பிறக்கவில்லை என்கிற மாதிரி செய்து வைத்திருந்தார்கள். ஆரஞ்சு நிறத்தில் ஓரம் பெயர்ந்த ஒரு பந்து மட்டும் சுமாராக ஒத்துவரும். அதை வேறு யாராவது எடுத்துக்கொண்டால் அன்றைக்கு ஆட்டம் அம்போ.

இன்னொன்றும் இருந்தது, அதை அவள் வீட்டுக்காரரிடம்கூடச் சொல்லவில்லை. லாண்டரியில் தருகிற மேல்கோட்டு எல்லோருக்கும் ஒரே அளவு. கையை மடித்துவிட்டுக்கொள்ள வேண்டும். ரப்பர் காலணி ஆண்கள் அளவு. முன்னால் துணியை அடைத்துக்கொள்ள வேண்டும். வீட்டில் உடுத்துவது மருமகளுக்குப் பிடிக்காமல் போனவை. உடம்பை அளந்து, இது உனக்கு என்று ஒரு பொருளை யாரும் அவளுக்குச் செய்து கொடுத்து எத்தனையோ காலம் ஆகிவிட்டது. பந்து வாங்குகிறவரின் கையை அளந்துதான் துளை போடுவார்கள் என்று கேள்விப்பட்ட நாளிலிருந்து அவளுக்கு அந்த ஆசை உள்ளேயே அரித்துக்கொண்டிருந்தது. ஒன்றே ஒன்று. தன் கை அளவுக்கு.

ஒரு புதன்கிழமை, வேலை முடிந்த கையோடு போய்விட்டாள்.

கூடத்தின் மூலையிலேயே பந்துக் கடை. கடைக்காரரைத் துளைக்காரர் என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். மற்ற மூவரும் கூடவே வந்து நின்று ஆளுக்கு ஒரு யோசனை சொன்னார்கள். வேன்காரர், "கனமா எடுங்க. அடிச்சா அடி விழணும்" என்றார். மடிப்புக்காரி ஊதாவும் வெள்ளியும் கலந்து மின்னுகிற ஒரு பந்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, "இதுதான்க்கா, இதுதான்க்கா" என்றாள். சூப்பர்வைசர் உத்தரவாதம் உண்டா என்று கேட்டார்.

"கொஞ்சம் சும்மா இருங்க எல்லாரும்," என்றார் துளைக்காரர். "அம்மா, நீங்க இதைப் பிடிச்சுக் கையை முன்னால நீட்டி நில்லுங்க. தோள் நடுங்குதா?"

வேன்காரர் சொன்ன பந்தில் நடுங்கியது. அதைவிடக் குறைந்ததில் நிற்க முடிந்தது. கூடத்துப் பந்தைவிட இது கனம்தான். ஆனால் துளை கைக்குப் பொருந்திவிட்டால் இறுக்கிப் பிடிக்க வேண்டியிருக்காது, அதனால் கனம் தெரியாது என்றார். பிறகு ஆரஞ்சுப் பந்தை நாலைந்து முறை உருட்டச் சொல்லிக் கைகட்டிக்கொண்டு பார்த்தார்.

"விடும்போது மணிக்கட்டை ஒரு வெட்டு வெட்டுறீங்களே. எங்க கத்துக்கிட்டீங்க?"

"நானா? போர்வை உதறுற பழக்கம் அது."

"நல்ல பழக்கம். வழவழன்னு இருக்கற பந்து வாங்கினா நேராத்தான் போகும், இந்த வெட்டு வீணாப்போயிடும். இவ மேல்தோல் கொஞ்சம் சொரசொரப்பு. பாதையில முன்பக்கம் எண்ணெய் தடவியிருக்கும், அங்க வழுக்கிட்டுப் போவா, கடைசியில தரையைப் பிடிச்சு வளைவா. ரொம்ப முரட்டுத்தனமும் கிடையாது. இப்போதைக்கு உங்களுக்கு இவ போதும்."

பந்தைப் பெண்ணாக்கிப் பேசுகிற மனிதரை அக்கா அன்றுதான் பார்த்தாள். அவர் காட்டியது கருநீலத்தில் ஒரு பந்து, மின்னல் கிடையாது, சித்திரம் கிடையாது. மடிப்புக்காரிக்கு முகம் சுண்டிப்போயிற்று. அக்காவுக்குப் பார்த்ததுமே பிடித்துவிட்டது.

பிறகு கையை அளந்தார். வரிசையாகத் துளைகள் போட்ட ஒரு கட்டையில் கட்டைவிரலை ஒவ்வொன்றாக விடச் சொன்னார். "இறுக்கமும் கூடாது, லொடலொடன்னும் ஆடக் கூடாது. ஓரத்துல மெல்ல உரசணும்." உள்ளங்கையை விரித்து, கட்டைவிரலுக்கும் மற்ற இரண்டு விரலுக்கும் நடுவில் அளவு பார்த்தார். அவளுடைய கையை ஒரு மனிதர் இத்தனை கவனமாகப் பிடித்துப் பார்த்ததில் அவளுக்கு வெட்கமாகக்கூட இருந்தது.

"கை இப்ப எப்பவும்போலத்தானே இருக்கு?" என்று கேட்டார்.

"ஆமாங்க. எப்பவும் இப்படித்தான்."

பொய் சொல்லவில்லை. அவளுக்குத் தெரிந்ததைத்தான் சொன்னாள்.

அதற்குப் பிறகு வந்த புதன்கிழமைகளை என்னவென்று சொல்வது! பந்து கையில் இருப்பதே தெரியவில்லை. விரல் போகும், பந்து வீசும்போது தானாக வழுக்கிக்கொண்டு வெளியே வரும், அது போய் ஒரு வளைவு வளைந்து நட்ட நடுவில் இடிக்கும். கணக்குப் பலகையில் அவள் பெயர் மேலே ஏறிக்கொண்டே போயிற்று. "அக்கா, ராத்திரி ஏதாவது மந்திரம் கிந்திரம் போடுறீங்களா?" என்று மடிப்புக்காரி வாயைப் பிடுங்கினாள். காலெல்லாம் கடுக்கும், இடுப்பு விண்விண்ணென்று தெறிக்கும், ஆனால் அந்த ஒரு மணி நேரம் மட்டும் அவள் முகத்தில் வேறு ஓர் ஆள் தெரிவாள்.

இந்தச் செய்தி வேன்காரரோடு ஆஸ்பத்திரிக்கும் போயிற்று. அழுக்குத் துணி எடுக்கப் போன இடத்தில் அவர் சும்மா இருக்க மாட்டாமல் பெருமையடிக்க, ஆஸ்பத்திரி ஊழியர்கள் போட்டிக்கு நாள் குறித்துவிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை காலை. "இத்தனை நாள் அவங்க போர்வையைத் துவைச்சோம். இப்ப அவங்களையே துவைச்சு எடுக்கணும்," என்றார் வேன்காரர். அக்கா மகனிடம் தயங்கித் தயங்கிச் சொன்னாள். அந்த வாரம் அவர்களே மருமகளுடைய அம்மா வீட்டுக்குப் போகிறார்கள் என்று தெரிந்தது. தப்பித்தாள்.

அந்த வாரம் இன்னொன்றும் நடந்தது. வியாழக்கிழமை லாண்டரியின் கொதிகலன் வெடித்துவிடுவேன் என்று மிரட்டியது. பழுது பார்க்கிறவர்கள் வந்து அதைத் திறந்து போட்டுவிட்டு, திங்கட்கிழமைக்கு முன்னால் ஆகாது என்று சொல்லிவிட்டார்கள். எல்லோருக்கும் விடுமுறை. அக்காவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. வெள்ளிக்கிழமை முழுக்கத் தூங்கினாள். சனிக்கிழமையும் தூங்கினாள். நடுவில் எழுந்து சாப்பிட்டுவிட்டு மறுபடி போய்ப் படுத்தாள். வீட்டுக்காரர் இரண்டு முறை மூக்கின் அருகே விரலை வைத்துப் பார்த்ததாகப் பிற்பாடு சொன்னார்.

ஞாயிறு காலை கூடத்தில் நல்ல கூட்டம். ஆஸ்பத்திரிக்காரர்கள் ஒரே நிறத்தில் சட்டை போட்டு வந்திருந்தார்கள். வீட்டுக்காரரும் முட்டியைத் தேய்த்துக்கொண்டு முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். அக்கா பந்தை எடுத்தாள். விரல் சரேலென்று உள்ளே போயிற்று. ரொம்பச் சுலபமாகப் போயிற்று. பதற்றமாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டு, நடந்து போய்க் கையைப் பின்னால் வீசினாள்.

பந்து பின்னாலேயே போய்விட்டது.

கையிலிருந்து கழன்று, தொம்மென்று தரையில் விழுந்து, சூப்பர்வைசரின் காலை ஒரு மயிரிழையில் விட்டுவிட்டு நாற்காலிகளுக்கு அடியில் உருண்டது. அக்கா முன்பக்கம் வெறுங்கையை வீசிக்கொண்டு நின்றாள். பிறகு ஆஸ்பத்திரிக்காரர் ஒருவர், "பயப்படாதீங்க, எங்க வார்டுல பெட் காலியா இருக்கு," என்றார். கூடமே சிரித்தது. வீட்டுக்காரர் சிரிக்கவில்லை.

அடுத்த முறை இறுக்கிப் பிடித்தாள். பந்து ஓரப் பள்ளத்தில் விழுந்தது. அதற்கடுத்த முறை இன்னும் இறுக்கினாள். கட்டைவிரல் மரத்துப்போயிற்று, பந்து மூன்றாம் மனிதர் வீசியதுபோல எங்கேயோ போயிற்று. கடைசியில் அந்த ஓரம் பெயர்ந்த ஆரஞ்சுப் பந்தையே எடுத்து ஆடி முடித்தாள். தோற்றார்கள். நன்றாகத் தோற்றார்கள். அவமானத்தில் அவளுக்குக் காதெல்லாம் சுட்டது. பந்தைத் தூக்கிக்கொண்டு நேராகத் துளைக்காரரிடம் போனாள்.

"என்னங்க பந்து குடுத்தீங்க? ஓட்டை பெருசாயிடுச்சு!"

"பந்து என்ன ரப்பரா, ஓட்டை பெருசாகறதுக்கு? கையைக் குடுங்க."

அந்தத் துளைக் கட்டையை எடுத்தார். அன்றைக்குப் பொருந்திய துளையில் விரலை விடச் சொன்னார். விரல் லொடலொடவென்று ஆடியது. அதற்குக் கீழே உள்ளது. அதிலும் ஆடியது. இன்னும் ஒன்று கீழே போனபோதுதான் ஓரத்தில் மெல்ல உரசியது. அவர் அவள் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"கை இளைச்சிருக்கே."

"நான் எங்கங்க இளைச்சேன்? ரெண்டு நாளா தின்னுட்டுத் தின்னுட்டுத் தூங்கியிருக்கேன்."

"வேலைக்குப் போகலியா?"

"கொதிகலன் ரிப்பேர். லீவு."

துளைக்காரர் கட்டையைக் கீழே வைத்துவிட்டார். "அதானா! அம்மா, அன்னிக்கு நீங்க கொண்டுவந்தது வேலை முடிச்ச கை. சூட்டுலயும் ஈரத்துலயும் நாள் பூரா நின்னு வீங்கின கை. நான் கேட்டப்ப எப்பவும் இப்படித்தான்னு சொன்னீங்க."

"எப்பவும் அப்படித்தான் இருக்கும்."

"இல்லம்மா. இதான் உங்க கை."

அக்கா குனிந்து பார்த்தாள். விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டாமல் தனித்தனியாக இருந்தன. கணுக்களில் எலும்பு தெரிந்தது. புறங்கையில் நரம்பு பச்சையாக ஓடியது. மோதிர விரலுக்குக் கீழே ஒரு சின்ன மச்சம். அது அங்கே இருப்பதையே மறந்துபோயிருந்தாள். கல்யாணத்துக்கு முன்னால் அவள் அம்மா அந்த மச்சத்தைப் பார்த்து ஏதோ கேலி சொல்வாள். இத்தனை வருஷமும் அது உப்பிய சதைக்குள் எங்கேயோ புதைந்து கிடந்திருக்கிறது. அவளுக்கு அழுகை வந்துவிட்டது. பந்துக்காக அழுகிறாள் என்று நினைத்து மடிப்புக்காரி தோளைத் தடவிக்கொடுத்தாள்.

"இதுக்குப் போய் ஏன் கலங்குறீங்க?" என்றார் துளைக்காரர். "சின்ன விஷயம். துளைக்குள்ள ஒட்டறதுக்கு டேப் இருக்கு. கை மெலிஞ்சிருந்தா ஒட்டிக்குங்க, வீங்கியிருந்தா பிச்சுப் போடுங்க. நிறையப் பேர் பண்றதுதான்."

"நாம ஆடறது புதன்கிழமைதானேக்கா," என்றார் வேன்காரர். "அதுக்கு இந்தப் பந்து அப்படியே இருக்கலாம். டேப்பே வேணாம்."

எல்லோரும் சொன்னது நியாயம்தான். ஒரு குறையும் சொல்ல முடியாது. அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு பந்தை அவர் பக்கம் தள்ளினாள்.

"ஓட்டையை அடைச்சுட்டு இந்தக் கைக்குத் துளைச்சுக் குடுங்க."

"அம்மா, யோசிச்சுச் சொல்லுங்க. அப்புறம் வேலை முடிச்சு வந்தா விரல் உள்ளேயே போகாது."

"போகாட்டி போகட்டும்."

"நாளைக்கே கொதிகலன் ஓடும்க்கா," என்றாள் மடிப்புக்காரி மெதுவாக. "நாளைக்குச் சாயங்காலமே கை பழையபடி ஆயிடும்."

"அதுக்குத்தான்டி சொல்றேன். இப்பவே அளந்துக்கட்டும்."

பிடிவாதம் என்றால் அப்படியொரு பிடிவாதம். புத்திசாலித்தனம் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ஆனால் அவள் மனதில் ஓடியது இதுதான்: ஒரே ஒரு பொருளைத் தன் அளவுக்குச் செய்து வாங்க ஆசைப்பட்டாள்; அதிலும் லாண்டரியின் அளவைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்திருக்கிறாள். துளைக்காரர் ஒரு பெருமூச்சு விட்டு மறுபடி அளந்தார்.

புதன்கிழமை பந்து தயாராகிவிட்டது. வேலை முடிந்து போனாள். கட்டைவிரல் பாதியோடு நின்றது. சோப்பு போட்டுப் பார்க்கலாமா என்று வேன்காரர் கேட்டார். சூப்பர்வைசர் தன் வாழ்க்கையிலேயே முதல் தடவையாக ஒரு நகைச்சுவையை முயன்று, "பந்தைக் கொதிகலன்ல போட்டா பெருசாகும்," என்றார். யாரும் சிரிக்காததால் இருமிக்கொண்டார். அக்கா பந்தை மடியில் வைத்துக்கொண்டு மற்றவர்கள் ஆடுவதைப் பார்த்தாள்.

"பழைய துளையே இருந்திருக்கலாம்ல?" என்றார் வேன்காரர், மனசு கேட்காமல்.

"அந்தத் துளை லாண்டரியோடது அண்ணே," என்றாள் அக்கா.

வீட்டுக்கு வந்து மகனுக்குப் போன் போட்டாள். போன் போடுவதற்கு முன்னால் மூன்று முறை தண்ணீர் குடித்தாள்.

"இந்த ஞாயித்துக்கிழமை நான் வரலப்பா."

"ஏம்மா, உடம்பு சரியில்லையா?"

"உடம்புக்கு ஒண்ணுமில்ல. பவுலிங் போறேன்."

"சரி, அப்ப அடுத்த வாரம்..."

"அடுத்த வாரமும் போறேன். ஞாயித்துக்கிழமை இனிமே எனக்கு வேணும்."

மருமகள் போனை வாங்கினாள். "அத்தை, நாங்க ஏதாவது தப்பாப் பேசிட்டமா?" அந்தக் குரல் நிஜமாகவே பயந்திருந்தது. இதுதான் கஷ்டம். அவர்கள் கொடுமைக்காரர்களாக இருந்திருந்தால் எவ்வளவோ சுலபமாக இருந்திருக்கும். "இல்லம்மா, சரி, வந்துடறேன்" என்ற வார்த்தை அவள் நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. வலது கையைப் பார்த்தாள். பன் மாதிரி உப்பியிருந்தது. மச்சம் எங்கே என்று தேட வேண்டியிருந்தது.

"நீங்க ஒண்ணும் சொல்லலம்மா. எனக்கு அசதியா இருக்கு. ரொம்ப நாளா அசதியா இருக்கு," என்றாள். இப்படி ஒரு வாக்கியத்தை அவள் யாரிடமும் சொன்னதில்லை. சொன்ன பிறகு அவளுக்கே திக்கென்றிருந்தது.

போனை வைத்ததும் வீட்டுக்காரர் டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல், "அந்த ரெண்டு சட்டையை நான் போய்த் தேய்ச்சுக் குடுத்துட்டு வரேன்," என்றார். "லிப்டையே தூக்கி நிறுத்தினவன். இஸ்திரி என்ன பெரிய வித்தையா?"

ஞாயிற்றுக்கிழமை அவர் அந்தப் பக்கம் போனார், அவள் இந்தப் பக்கம் போனாள். காலையிலேயே பந்து உருட்டுகிற லேன் ஒன்றை ஒரு மணி நேரத்துக்கு எடுத்து, வாடகை ஷூவை மாட்டிக்கொண்டு உட்கார்ந்து, விரலை விட்டுப் பார்த்தாள். போகவில்லை. நேற்றுச் சாயங்காலம்வரை உருளைக்கு முன்னால் நின்ற கை. ஒரு ராத்திரியில் எத்தனைதான் வடியும்? குளிர்ந்த தண்ணீரில் காட்டிவிட்டு வந்தாள். போகவில்லை. பக்கத்து லேனில் ஒரு குடும்பம் ஆடிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு தடவை கட்டை சரியும்போதும் குழந்தைகள் குதித்தன.

"ஆரம்பிக்கலாமே அம்மா," என்றாள் கவுண்டரில் இருந்த பெண்.

"கொஞ்சம் இருங்க. கை இன்னும் வரல," என்றாள் அக்கா.

கவுண்டர்ப் பெண்ணுக்கு ஒன்றும் புரிந்திருக்காது. அக்கா கையை நெஞ்சுக்கு நேரே தூக்கி வைத்துக்கொண்டு நாற்காலியில் சாய்ந்தாள். செய்ய வேண்டியது ஒன்றுமில்லை. தேய்க்க, மடிக்க, எடுத்து வைக்க எதுவும் இல்லை. கைக்காகக் காத்திருக்க வேண்டும், அவ்வளவுதான். கட்டைகள் விழுகிற அந்தச் சத்தத்துக்கு நடுவில் அப்படியே தூங்கிப்போனாள்.

கண் விழித்தபோது அவளுடைய லேனில் வேறு யாரோ ஆடிக்கொண்டிருந்தார்கள். கழுத்து வலித்தது. யாரோ அவள் மேல் கூடத்துத் துண்டு ஒன்றைப் போர்த்தியிருந்தார்கள். ஓர மடிப்பைப் பார்த்ததுமே அது தங்கள் லாண்டரியில் தேய்த்தது என்று தெரிந்தது, ஒரு முனை சரியாக இழுத்துப் பிடிக்கவில்லை. கவுண்டர்ப் பெண் ஓடி வந்தாள்.

"எழுப்பலாம்னுதான் வந்தேன்மா. மனசு வரல. உங்க நேரம் போயிடுச்சு."

"பரவாயில்லம்மா," என்றாள் அக்கா. பந்தை எடுத்துக் கட்டைவிரலைத் துளையில் வைத்தாள். போயிற்று. அடிவரைக்கும் போயிற்று, ஓரத்தில் மெல்ல உரசிக்கொண்டு. எடுத்தாள். மறுபடியும் விட்டுப் பார்த்தாள்.

"கடைசி லேன் காலியாத்தான் இருக்கு. வேணுமா?"

அதற்குள் போன் அடித்தது. வீட்டுக்காரர்.

"இந்தாம்மா, வெள்ளைச் சட்டைக் காலர்ல லேசா பழுப்பா ஒரு கோடு விழுந்தா என்ன பண்றது?"

"லேசாவா?"

"இப்ப அவ்வளவு லேசா இல்ல. புகை வருது. பையன் வேற பக்கத்துல நிக்கிறான். எப்ப வர்ற நீ?"

"தெரியலங்க," என்றாள் அக்கா. "எனக்கு இப்பத்தான் கை வந்திருக்கு."

போனைப் பையில் போட்டுவிட்டு, பந்தைத் தூக்கிக்கொண்டு கடைசி லேனுக்கு நடந்தாள்.